நெல்மணிக்குள் ஒரு கடிகாரம்

நெல்லைப் பற்றி நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகளுக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கன்னிப்பூ எப்போது, கும்பப்பூ எப்போது என்பதைப் புத்தகத்தைப் புரட்டாமலே சொல்லிவிடுவார்கள். நாஞ்சில் என்ற சொல்லுக்கே கலப்பை என்றுதானே பொருள்! ஆனால் ஒரு நெல்மணி தன் வயதைத் தானே சொல்லும் என்றால் நம்புவீர்களா? அதுவும் பத்து, இருபது ஆண்டு அல்ல, மூவாயிரம் ஆண்டு!

ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து வடகிழக்கே போனால் தாமிரபரணி ஆற்றின் படுகை வந்துவிடும். அங்கே தூத்துக்குடி மாவட்டத்தில் சிவகளை என்றோர் ஊர். தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 2020-ஆம் ஆண்டு அங்கே அகழாய்வைத் தொடங்கியது. தோண்டத் தோண்ட முதுமக்கள் தாழிகள் வெளிப்பட்டன. இறந்தவர்களின் எலும்புகளையும், அவர்களுக்கு வேண்டிய பொருள்களையும் வைத்துப் புதைத்த பெரிய மண்பானைகள் அவை. ஒரு தாழிக்குள் நெல் இருந்தது. அதை அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள பீட்டா அனலிட்டிக் என்ற ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கி.மு. 1155 என்று விடை வந்தது. 2021 செப்டம்பரில் தமிழகச் சட்டமன்றத்தில் முதலமைச்சர் இதை அறிவித்தார்.

செய்தித்தாள்கள் அந்த எண்ணைக் கொட்டை எழுத்தில் அச்சிட்டன. நல்லதுதான். ஆனால் அந்த எண் எப்படிக் கிடைத்தது? அதை எவ்வளவு தூரம் நம்பலாம்? இயற்பியல் படிப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதாம்.

பழைய கடிகாரங்கள்

தாமிரபரணிக் கரையில் தாழிகள் கிடைப்பது புதிய செய்தி அல்ல. ஆதிச்சநல்லூரில் 1876-ஆம் ஆண்டிலேயே ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டிப் பார்த்து, கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ என்பவர் அங்கே விரிவாக அகழ்ந்தார். வெண்கலப் பாத்திரங்கள், பொன்னாலான நெற்றிப் பட்டங்கள், இரும்பு ஆயுதங்கள் என்று ஏராளமாகக் கிடைத்தன. அவற்றில் பலவற்றை இன்றும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம்.

ஆனால் அவற்றின் காலம் என்ன? தாழிகளில் நாணயம் இல்லை. ஆண்டு பொறித்த கல்வெட்டும் இல்லை. ஆகவே அறிஞர்கள் ஊகித்தார்கள். ஒருவர் ஊகத்துக்கும் இன்னொருவர் ஊகத்துக்கும் இடையே பல நூற்றாண்டுகள் இருந்தன.

அக்காலத்தில் தொல்லியலாரிடம் இருந்த கடிகாரம் ஒன்றே ஒன்றுதான். காலம் தெரிந்த ஒரு பொருளைத் தேடிப் பிடித்து, அதோடு சேர்ந்து கிடைத்தவற்றுக்கும் அதே காலத்தைக் கொடுப்பது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் செய்தது இதைத்தான். இத்தாலி நாட்டின் அரெஸ்ஸோ என்ற ஊரில் வனைந்த சிவப்புப் பானையின் ஓடுகள் அங்கே அகப்பட்டன. அப்பானைகள் கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் புழக்கத்தில் இருந்தவை என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும். ஆகவே அந்த மண்ணடுக்கில் கிடைத்த தமிழகப் பானைகளும் அக்காலத்தவை என்று முடிவாயிற்று.

முறை மிகச் சரியானது. வீலரின் கெட்டிக்காரத்தனத்தை மெச்சத்தான் வேண்டும். ஆனால் இதனால் ஒரு விளைவும் ஏற்பட்டது. தமிழகத்தின் காலத்தை ரோமாபுரியின் கடிகாரத்தைப் பார்த்தே சொல்ல வேண்டியதாயிற்று. ரோமானியர் வராத ஊருக்கும், அவர்கள் வருவதற்கு முந்திய நாளுக்கும் மணி காட்ட ஆள் இல்லை. தென்னாட்டின் நகர வாழ்க்கையே பிற்காலத்தது என்ற எண்ணம் பலர் மனத்தில் ஊன்றிப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

யாருடைய கடிகாரத்தையும் இரவல் வாங்காமல், கிடைத்த பொருளையே கேட்டுக் காலம் அறிய முடியாதா? முடியும் என்று காட்டியது இயற்பியல்.

இறந்த பின் ஓடத் தொடங்கும் கடிகாரம்

விண்வெளியிலிருந்து அண்டக் கதிர்கள் ஓயாமல் நம் வளிமண்டலத்தைத் தாக்கிக்கொண்டிருக்கின்றன. அந்தத் தாக்குதலில் நியூட்ரான்கள் சிதறுகின்றன. நியூட்ரான் ஒன்று நைட்ரஜன் அணுக்கருவில் போய் மோதினால், ஒரு புரோட்டான் வெளியேறி, அந்த அணு கார்பன்-14 ஆக மாறிவிடுகிறது. வேதியியல் முறையில் அது சாதாரண கார்பனைப் போன்றதே. ஆக்சிஜனுடன் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு ஆகும். நெற்பயிரின் இலைக்குள் புகும். மணியில் மாவாகச் சேரும். ஆனால் அது நிலையற்றது. 5,730 ஆண்டுகளில் பாதி அழிந்துவிடும். இதையே அரை ஆயுட்காலம் என்கிறோம்.

பயிர் உயிரோடு இருக்கும்வரை அழிந்த கார்பன்-14-க்கு ஈடாகக் காற்றிலிருந்து புதியது வந்துகொண்டே இருக்கும். கதிர் அறுத்ததும் வரவு நின்றுவிடுகிறது. செலவு மட்டும் தொடர்கிறது. மிச்சம் எவ்வளவு என்று கணக்கிட்டால், வரவு நின்று எத்தனை காலமாயிற்று என்று தெரிந்துவிடும் அல்லவா? சிக்காகோ பல்கலைக்கழகத்தில் வில்லார்ட் லிப்பி என்ற வேதியியலார் 1949-இல் இதைச் செய்து காட்டினார். காலம் முன்பே தெரிந்த எகிப்தியக் கல்லறை மரத்துண்டுகளைக் கொண்டு தம் முறையைச் சோதித்தும் பார்த்தார். 1960-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது நம் சிவகளை நெல்லுக்கு வருவோம். கி.மு. 1155-இலிருந்து 2021 வரை 3,175 ஆண்டுகள். 5,730 ஆண்டு அரை ஆயுட்காலம் என்றால், நூறு கார்பன்-14 அணுக்களில் ஏறத்தாழ 68 எஞ்சியிருக்கும். மடக்கை அட்டவணை தெரிந்தவர்கள் போட்டுப் பாருங்கள்.

கணக்கு எளிது, அளப்பதுதான் பெரும்பாடு. காற்றில் உள்ள கார்பனில் ஒரு லட்சம் கோடி அணுக்களுக்கு ஒன்றுதான் கார்பன்-14. ஒரு நெல்மணியில் சுமார் 10 மில்லிகிராம் கார்பன் இருப்பதாகக் கொள்வோம். மூவாயிரம் ஆண்டுப் பழைய மணியில் அந்த அளவு கார்பனில் 11 நிமிடத்துக்கு ஒரு கார்பன்-14 அணு சிதையும். லிப்பியின் முறையில் அந்தச் சிதைவுகளைத்தான் எண்ண வேண்டும். நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்குப் பிழையைக் குறைக்க வேண்டுமானால் 10,000 சிதைவுகளை எண்ணியாக வேண்டும். இரவு பகலாக எழுபத்தாறு நாள் கருவிக்கு முன் உட்கார வேண்டியதுதான்! எனவேதான் அந்நாளில் கைப்பிடி அளவு கரித்துண்டு இல்லாமல் காலம் கணிக்க முடியாது என்றார்கள். அத்தனை நெல்லுக்கு எங்கே போவது?

1977-இல் வேறொரு வழி பிறந்தது. சிதையும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? சிதையாமல் இருக்கும் அணுக்களையே எண்ணினால் என்ன? அதே நெல்மணியில் சிதையாத கார்பன்-14 அணுக்கள் சுமார் 40 கோடி உள்ளனவே! முடுக்கி என்ற கருவியில் கார்பன் அணுக்களுக்கு மின்னூட்டம் கொடுத்து, பெருவேகத்தில் ஓடவிட்டு, காந்தப் புலத்தில் வளைக்கிறார்கள். நிறை கூடியது குறைவாக வளையும். குறைந்தது அதிகமாக வளையும். கார்பன்-14 தனிப் பாதையில் பிரிந்துவிடுகிறது. சுருக்கெழுத்தில் இதை ஏ.எம்.எஸ். முறை என்பார்கள். இதற்கு ஒரு மில்லிகிராம் கார்பன் போதும். ஒரு நெல்மணியே தாராளம். இந்தியாவிலும் புது தில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்திலும், அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்திலும் இத்தகைய கருவிகள் இருக்கின்றன.

மரம் பொய் சொல்லுமா?

கரித்துண்டும் கார்பன், நெல்லும் கார்பன். எதைச் சோதித்தால் என்ன என்று கேட்பீர்கள். இங்கேதான் நாஞ்சில் நாட்டு அறிவு கைகொடுக்கிறது. நெல்லின் வாழ்நாள் ஒரு பூ. விதைத்து நாலைந்து மாதத்தில் அறுத்துவிடுகிறோம். ஆகவே நெல்லின் கடிகாரம் தொடங்கிய ஆண்டும், மனிதன் அதைக் கையில் எடுத்த ஆண்டும் ஏறக்குறைய ஒன்றே. மரம் அப்படியல்ல. முந்நூறு வயதான மரத்தின் நடுவயிரம் முந்நூறு ஆண்டுக்கு முன்பே காற்றோடு தொடர்பை அறுத்துக்கொண்டது. அதை இன்று வெட்டி எரித்தாலும், அந்தக் கரி முந்நூறு ஆண்டு மூத்ததாகவே பேசும். மரம் பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்வி வேறு, அது சொன்ன பதில் வேறு.

இன்னொரு சிக்கலும் உண்டு. காற்றில் உள்ள கார்பன்-14-இன் அளவு எல்லா நூற்றாண்டிலும் ஒன்றாக இருந்ததில்லை. சூரியனின் போக்கும் பூமியின் காந்தப் புலமும் மாறும்போது அதுவும் மாறும். மரங்களின் ஆண்டு வளையங்களை ஒவ்வொன்றாக எண்ணி, ஒவ்வொரு வளையத்தையும் அளந்து, ஒரு திருத்தக் கோடு வரைந்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கோடு கி.மு. 800-க்கும் கி.மு. 400-க்கும் இடையே ஏறக்குறையப் படுத்துவிடுகிறது! அதாவது, அந்த நானூறு ஆண்டுக்குள் எப்போது அறுத்த நெல்லானாலும் இன்று ஒரே மாதிரியான எண்ணையே காட்டும்.

இது ஏதோ ஐரோப்பியத் தொல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. மதுரைக்குத் தென்கிழக்கே உள்ள கீழடியை நீங்கள் அறிவீர்கள். அங்கே மாநிலத் தொல்லியல் துறை அகழ்ந்தெடுத்த மாதிரிகளில், 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்தது கி.மு. 580 என்றும், 200 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்தது கி.மு. 205 என்றும் 2019-இல் வெளியான அறிக்கை கூறியது. செங்கல் கட்டடங்கள், உறைகிணறு, தமிழ் எழுத்துப் பொறித்த 56 பானையோடுகள் என்று கிடைத்த அந்த ஊரின் தொடக்கம் கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குப் போனது. கங்கைச் சமவெளியில் நகரங்கள் எழுந்த அதே நூற்றாண்டு! சங்க காலத்தைக் கி.மு. 300-இல் தொடங்குவதாகப் படித்து வந்த நமக்கு அது பெரிய மாற்றம்.

ஆனால் கி.மு. 580 என்பது அந்தப் படுத்த கோட்டின் நடுவே விழுகிறது என்பதைக் கவனியுங்கள். ஒரே ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு '580-தான், 579 அல்ல' என்று மேடையில் முழங்குவது இயற்பியல் ஆகாது. அதற்காக 'ஒன்றுமே நிரூபணமாகவில்லை' என்று உதறித் தள்ளுவதும் இயற்பியல் ஆகாது. மண்ணடுக்கு நமக்குத் துணை வருகிறது. மேலே கி.மு. 205, அதற்கு ஒன்றரை மீட்டர் கீழே இன்னும் பழையது. வரிசை சரியாக இருக்கிறது. இந்த வரிசையில் மேலும் பல மாதிரிகளை அளக்க அளக்க, நானூறு ஆண்டு அகலமான அந்தச் சந்தேகம் சுருங்கிக்கொண்டே வரும்.

இருட்டில் சேரும் ஒளி

நெல்லும் இல்லை, கரியும் இல்லை, வெறும் பானையோடு மட்டுமே கிடைத்தால்? அதற்கும் ஒரு கடிகாரம் உண்டு. அதைப் புரிந்துகொள்ளக் குமரி மாவட்டத்தைவிட நல்ல இடம் இல்லை.

மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். அதில் மோனசைட் என்ற கனிமம் கலந்திருப்பதை ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் 1909-இல் கண்டறிந்தார். அக்காலத்துக் காஸ் விளக்கின் வலைக்குத் தேவைப்பட்ட தோரியம் அதில் இருந்தது. தோரியம் கதிரியக்கம் உடையது. அது இருக்கும் மணலில் கதிர்வீச்சு ஓயாமல் நடந்துகொண்டிருக்கும். மற்ற ஊர் மண்ணிலும் தோரியம், யுரேனியம், பொட்டாசியம் ஆகியவை உண்டு. ஆனால் மிகச் சிறிய அளவில்.

மண்ணிலும் பானையோட்டிலும் குவார்ட்ஸ் என்னும் படிகத் துகள்கள் இருக்கின்றன. கதிர்வீச்சு படும்போது படிகத்தினுள் சில எலெக்ட்ரான்கள் இடம் பெயர்ந்து, படிகத்தின் குறைபாடுள்ள இடங்களில் பள்ளத்தில் விழுந்த கோலிக்குண்டுபோல் சிக்கிக்கொள்கின்றன. ஆண்டுகள் செல்லச் செல்லச் சிக்கியவை பெருகும். வெயிலோ கடும் வெப்பமோ பட்டால் எல்லாம் விடுபட்டு, கணக்கு மறுபடி பூச்சியம் ஆகிவிடும். குயவர் சூளையில் பானையைச் சுட்ட நாள்தான் அதன் பூச்சிய நாள். மணலுக்கு அது கடைசியாக வெயில் கண்ட நாள்.

ஆய்வகத்தில் இருட்டறையில் வைத்து அத்துகளின் மேல் ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். சிக்கிய எலெக்ட்ரான்கள் விடுபடும்போது படிகம் மெல்லிய ஒளியை உமிழ்கிறது. அந்த ஒளியின் அளவிலிருந்து மொத்தம் எவ்வளவு கதிர்வீச்சை அது வாங்கியிருக்கிறது என்று தெரியும். 1985-இல் அறிமுகமான இந்த முறையை ஒளித்தூண்டல் ஒளிர்வு முறை எனலாம். கணக்கு வகுத்தல்தான். ஒரு துகள் மொத்தம் 9 கிரே அளவு கதிர்வீச்சை வாங்கியிருக்கிறது. சுற்றியுள்ள மண் ஆண்டுக்கு 3 மில்லிகிரே கொடுக்கிறது என்றால், வயது 3,000 ஆண்டு.

இப்போது மணவாளக்குறிச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். தோரியம் மிகுந்த மணல் ஆண்டுக்கு 15 மில்லிகிரே கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதே 9 கிரே அங்கே 600 ஆண்டிலேயே சேர்ந்துவிடும். சுற்றியுள்ள மண்ணை அளக்காமல் பானையோட்டை மட்டும் அளந்தவர் 600 ஆண்டுப் பானையை மூவாயிரம் ஆண்டுப் பானை என்று சொல்லிவிடுவார்! மண்ணின் ஈரமும் கணக்கில் வர வேண்டும். தண்ணீர் கதிர்வீச்சில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை பிழை இருப்பது சாதாரணம்.

ஆகவேதான் குழியிலிருந்து மாதிரி எடுப்பவர்கள் ஒளி புகாத குழாயை மண்சுவரில் அடித்து ஏற்றி, இரு முனையையும் மூடி எடுத்துப் போகிறார்கள். தென் மாவட்டங்களில் வீட்டுக்கு வானம் தோண்டும்போதும், குளத்தில் மண் அள்ளும்போதும் தாழிகள் தட்டுப்படுவது உண்டு. ஆர்வமிகுதியில் அதை உடைத்துக் கொட்டி, உள்ளே இருப்பதை எடுத்து வெயிலில் பரப்பிவிடுகிறார்கள். பொருள் தப்பினாலும் தப்பலாம். ஆனால் எது எதன் பக்கத்தில், எந்த ஆழத்தில், எந்த மண்ணுக்குள் இருந்தது என்பது போய்விட்டது. அதோடு காலமும் போய்விட்டது. உங்கள் ஊரில் அப்படி ஏதாவது வெளிப்பட்டால், தொடாமல், மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடிவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள்.

இரும்பின் வயது

2025 ஜனவரி 23 அன்று சென்னையில் வெளியான ஓர் அறிக்கை உலகெங்கும் பேசப்பட்டது. கா. ராஜன், இரா. சிவானந்தம் ஆகியோர் எழுதியது. சிவகளையில் இரும்புப் பொருள்களோடு கிடைத்த மாதிரிகளின் காலம் கி.மு. 2953 முதல் கி.மு. 3345 வரை போகிறது என்று அது கூறியது. புளோரிடா ஆய்வகத்தோடு, லக்னோவில் உள்ள பீர்பல் சாஹ்னி நிலையத்துக்கும் அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்துக்கும் மாதிரிகள் போயிருந்தன. கார்பன் கடிகாரம், ஒளிக் கடிகாரம் இரண்டும் பயன்பட்டன.

இதன் கனம் உங்களுக்குப் புரிய வேண்டும். இரும்பை உருக்கும் கலை இன்றைய துருக்கி நாட்டில், ஹிட்டைட் மக்களிடம், கி.மு. 1300-ஐ ஒட்டித் தொடங்கிப் பரவியது என்பதே நெடுநாள் பாடம். உத்தரப் பிரதேசத்தில் கி.மு. 1800 அளவில் இரும்பு இருந்ததாக ராகேஷ் திவாரி 2003-இல் எழுதினார். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையின் இரும்புக்குக் கி.மு. 2172 என்ற காலம் 2022-இல் வெளியாயிற்று. இப்போது சிவகளை இன்னும் ஓராயிரம் ஆண்டு பின்னே போகிறது. சிந்துவெளி மக்கள் செம்பும் வெண்கலமும் புழங்கிய காலத்துக்கும் முன்னே!

நம்பலாமா? ஐயங்களை ஒளிக்காமல் எடுத்து வைப்போம். இரும்புக்கென்று உள்ளே கடிகாரம் கிடையாது. அதன் பக்கத்தில் கிடைத்த கரிக்கும் பானைக்கும் தான் வயது அளந்திருக்கிறோம். முன்னொரு காலத்துக் கரி மண்ணோடு சரிந்து தாழிக்குள் விழுந்திருக்கலாம் அல்லவா? பழைய மரத்தின் கரியாக இருக்கலாம் அல்லவா? ஆனால் பழைய மரம் சில நூறு ஆண்டுகள்தான் ஏமாற்றும். இரண்டாயிரம் ஆண்டு ஏமாற்றாது. பானையின் ஒளிக் கடிகாரத்துக்கோ மரத்தின் வயதைப் பற்றிக் கவலையே இல்லை. அதன் குறைகள் வேறு. ஈரமும் தோரியமும்தான் அதைக் கெடுக்கும். வெவ்வேறு காரணத்தால் தவறக்கூடிய இரண்டு கடிகாரங்கள் ஒரே மணியைக் காட்டுமானால், அதற்குத் தனி மதிப்பு உண்டு. ஒரே கடிகாரத்தைப் பத்து முறை பார்ப்பதைவிட அது மேல்.

இரும்பையும் கேட்க வேண்டும். எகிப்தின் கெர்சே என்ற இடத்தில் கி.மு. 3200-ஐ ஒட்டிய இரும்பு மணிகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் அவை விண்கல்லில் இருந்து தட்டி எடுத்தவை; நிக்கல் அதிகம் இருப்பது காட்டிக்கொடுத்துவிட்டது. விண்கல்லைத் தட்டுவதற்குச் சுத்தியல் போதும். தாதுவிலிருந்து இரும்பைப் பிரிக்க 1,200 டிகிரி வெப்பமும், துருத்தியும், கரியும், பல தலைமுறைக் கைப்பழக்கமும் வேண்டும். சிவகளையில் கிடைத்தவை கத்தி, அம்புமுனை, உளி, கோடரி, வாள் என்று அன்றாடம் புழங்கும் பொருள்கள். விண்கல்லை நம்பி ஓர் ஊர் இத்தனை கருவி செய்துகொள்ள முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. அவற்றின் உலோகத்தையும், அதில் சிக்கிய கசடையும் ஒவ்வொன்றாக ஆராய்வது அடுத்த வேலை. உருக்கிய உலையும் அகப்பட வேண்டும்.

ஆதிச்சநல்லூரில் 2004-இல் இந்தியத் தொல்லியல் துறை எடுத்த மாதிரிகளின் காலம் கி.மு. 905, கி.மு. 696 என்று 2019-இல்தான் நாம் அறிந்தோம். பதினைந்து ஆண்டு! கார்பன்-14 அணுக்கள் அவசரப்படுவதில்லை. கோப்புகளும் அப்படித்தான் போலும். அங்கே கி.மு. 905; பக்கத்தில் சிவகளையில் நெல்லுக்குக் கி.மு. 1155, அதே சிவகளையின் வேறு தாழிகளில் கி.மு. 3345. ஒரே இடுகாட்டில் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி! அத்தனை நூற்றாண்டுகளும் தலைமுறை தலைமுறையாக ஒரே மேட்டில் புதைத்தார்களா? அப்படியானால் இடைப்பட்ட காலத்துத் தாழிகளும் அங்கே இருந்தாக வேண்டும். அவர்கள் குடியிருந்த ஊரின் மண்ணடுக்குகளிலும் அந்த நூற்றாண்டுகள் வரிசையாகத் தெரிய வேண்டும். இன்னும் திறக்காத தாழிகள் பல உள்ளன. கி.மு. 3000-ஐ ஒட்டிய ஒரு தாழிக்குள், இரும்புக்குப் பக்கத்தில், ஒரு பூ மட்டுமே வாழ்ந்த நெல்மணி ஒன்று அகப்பட்டால், கரியைப் பற்றிய சந்தேகம் அத்தோடு தீர்ந்துவிடும்.